பெரியக்காவின் வியாழக்கிழமை

மாத்திரை கம்பெனியின் பேக்கிங் பிரிவில் இரண்டாவது லைனுக்குச் சூப்பர்வைசராக இருந்தவளை எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெல்ட்டில் மாத்திரை அட்டைகள் வரிசையாக ஓடிவரும். குழி காலியாக இருக்கும் அட்டையை, ஓரம் ஒட்டாத அட்டையை எடுத்துக் கூடையில் போட வேண்டும். நாள் முழுக்க நின்றபடி வேலை. தலையில் வலைத்தொப்பி, வாயில் முகமூடி. அதனால் லைனில் இருந்த பெண்கள் கண்ணாலேயே பேசிக்கொள்ளப் பழகியிருந்தார்கள். பெரியக்கா ஒரு புருவத்தைத் தூக்கினால் பெல்ட்டின் அந்தக் கோடி வரைக்கும் செய்தி போய்விடும்.

வீட்டில் கணவரும் அவளும் மட்டும். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தாள்.

அந்த மகள் சின்னவளாக இருந்தபோது நீச்சல் கற்றுக்கொள்ள ஊர்ப் பொது நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனது பெரியக்காதான். வருஷக்கணக்காகப் போனாள். போய், கரையில் போட்டிருந்த சிமெண்டு பெஞ்சில் மடியில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மகள் தண்ணீரில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்த் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தானும் இறங்கலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. மகள் கல்லூரிக்குப் போன வருஷம், பஸ் அந்த வழியே போகும்போது குளத்து வாசலில் ஒரு பலகையைப் பார்த்தாள். பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பு, வியாழன் மாலை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்து பெயர் கொடுத்துவிட்டாள். ஏன் கொடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. இத்தனை நாள் துண்டைச் சுமந்தது போதும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் நடுவயதைத் தாண்டியவர்கள். பாங்குக் காவலாளி ஒருவர், பல் டாக்டர் ஒருவர், மளிகைக் கடைக்காரர் ஒருவர். மற்றவர்களின் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்த பல் டாக்டர், தண்ணீரைக் கண்டால் தன் வாயை இறுக்க மூடிக்கொள்வார். சொல்லிக்கொடுத்தவள் குட்டையான, தோள் அகன்ற பெண். எல்லாரும் டீச்சர் என்றார்கள். அவள் குரலுக்கு விசில் தேவையே இல்லை.

"மூச்சை வெளிய விடுங்க," என்பாள். "உள்ள புடிச்சு வெச்சு என்ன செய்யப் போறீங்க? யாருக்காவது குடுக்கணுமா?"

பெரியக்காவுக்கு மூச்சை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் உடம்பு கட்டையாகிவிடும். கட்டையாவது மிதக்கும், இவள் அதுவும் இல்லை. பல வாரங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டே காலை அடித்தாள். பிறகு ஒரு மாலை, டீச்சரின் கை முதுகுக்கடியில் இருக்கிறது என்று நம்பி மல்லாந்து கிடந்தபோது, அந்தக் கை எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்தது. காதுக்குள் தண்ணீர் நிறைந்து உலகத்தின் சத்தமெல்லாம் அடங்கியிருந்தது. கூரையில் ஒரு விளக்கு எரியவில்லை. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் நேராக நாற்காலியில் உட்கார்ந்து, "என்னங்க, ஒரு டீ போடுங்களேன்," என்றாள். கணவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் ஆன நாள் முதல் அவள் இப்படிக் கேட்டதில்லை. போட்டுக்கொடுத்தார். சர்க்கரை அதிகம்தான். அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

லைனிலும் வித்தியாசம் தெரிந்தது. முன்பெல்லாம் மேலதிகாரியிடமிருந்து ஒரு சத்தம் வந்தால் அவள் தோள் காதுக்கு ஏறிவிடும். இப்போது ஒரு மூச்சை முழுசாக விட்டுவிட்டு, பிறகுதான் பதில் சொன்னாள். "அக்கா என்னமோ மருந்து சாப்பிடுறாங்க," என்றாள் ஒல்லி. ஒல்லி என்பது அந்தப் பிரிவிலேயே பருமனான பெண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர். பெரியக்கா அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் கம்பெனிக்குப் புது ஊழியர்நல மேலாளர் வந்தார். முப்பது வயது இருக்கலாம். இஸ்திரி கலையாத சட்டை, எப்போதும் சிரித்த முகம். எல்லாரையும் கேன்டீனில் கூட்டி நிற்கவைத்துப் பேசினார்.

"கற்கிறவங்கதான் வளர்றாங்க. வேலை, குடும்பம்னு ஓடிக்கிட்டே இருக்கிற உங்களுக்காகவே நம்ம கம்பெனி ஒரு திட்டம் கொண்டு வருது. வாழ்நாள் கற்றல். உங்களோட சொந்த வளர்ச்சிக்கு கம்பெனி குடுக்கிற பரிசு."

பரிசு என்ன என்பது பிறகு தெரிந்தது. ஷிப்டு முடிந்ததும் ஒரு வகுப்பு. சம்பள நேரத்தில் இல்லை, அவரவர் சொந்த நேரத்தில். விருப்பம்தான் என்று சொல்லப்பட்டது. ஆனால் வருகைப் பதிவு ஆண்டு மதிப்பீட்டில் சேரும். நாள் வியாழக்கிழமை.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதுதான் இது. எடுத்துக் கொடுத்தது அடுத்தவர் நேரம், வள்ளல் பட்டம் கம்பெனிக்கு.

முதல் வகுப்புக்குப் பெரியக்கா போனாள். ஒரு வாரம்தானே, என்னதான் சொல்கிறார்கள் என்று பார்ப்போம் என்றுதான் போனாள். வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். இருபது பேர் உட்கார்ந்த சின்ன அறையில் காதோரம் மைக் மாட்டிக்கொண்டு பேசினார். காலையிலிருந்து நின்ற கால்களை நாற்காலிக்கடியில் நீட்ட இடமில்லை. பாதிப் பேருக்குக் கண் சொக்கியது. ஒரு நாளில் நாம் வீணாக்கும் நேரம் எது என்று யோசித்துச் சொல்லச் சொன்னார்.

"பஸ்ல போற நேரம் சார்," என்றாள் ஒல்லி.

"அருமை. அந்த நேரத்துல போன்ல நம்ம பயிற்சி ஆப்பைத் திறந்து ஒரு பாடம் கேக்கலாமே?"

"ஒரு கையில கம்பி, ஒரு கையில பை. போனை வாயில கவ்விக்கவா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சியாளரும் சிரித்துவிட்டு, தடைகளை நாம்தான் உருவாக்குகிறோம் என்று திரையில் அடுத்த படத்துக்குப் போனார். பெரியக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இந்நேரம் குளத்தில் காலை உதறிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்குக் கம்பியை விட்டுவிட்டு நடுவரைக்கும் போகப் பழக்குவதாக டீச்சர் சொல்லியிருந்தாள்.

மறுநாள் மேலாளரின் அறைக்குப் போனாள். வேறு நாளில் வைக்க முடியுமா என்று கேட்டாள். இல்லையென்றால் வேலை நேரத்திலேயே கொஞ்சம் ஒதுக்கித் தர முடியுமா என்றும் கேட்டாள்.

"வேலை நேரத்துல உற்பத்தி பாதிக்குமே மேடம். கத்துக்கணும்னு மனசு இருந்தா நேரம் தானா வரும்."

"எனக்கு வந்துச்சு சார். வியாழக்கிழமைதான் வந்துச்சு. அதைத்தான் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

"அப்படி என்ன இருக்கு வியாழக்கிழமை?"

"நீச்சல் கத்துக்கிறேன்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை கிறுக்கிய படத்தைக் காட்டும்போது சிரிப்போமே, அந்த மாதிரி. "நல்ல விஷயம். ஆனா அது ஹாபி மேடம். நாம பேசுறது லேர்னிங்."

பெரியக்கா வெளியே வந்து கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். தண்ணீருக்குள் முகத்தை வைக்கவே பயந்தவள் இன்றைக்கு மல்லாந்து மிதக்கிறாள். அது கற்றல் இல்லையாம். மைக் மாட்டியவர் காட்டும் படங்களைப் பார்த்துக் கொட்டாவி விடுவதுதான் கற்றலாம். அப்போதே சொல்லியிருக்க வேண்டிய பதில் முகத்தைத் துடைக்கும்போதுதான் வந்தது. வந்து என்ன பயன்?

வீட்டில் சொன்னபோது கணவர், "சூப்பர்வைசர் வேலை சும்மாவா கிடைச்சுது? கொஞ்ச நாள் போய்த்தான் வாயேன். குளம் எங்க ஓடிடப் போகுது," என்றார்.

"குளம் ஓடாது. எனக்கு வயசு ஓடுதுல்ல?"

ஆனாலும் வாரா வாரம் கம்பெனி வகுப்புக்குப் போனாள். வேலையை நினைத்துத்தான் போனாள். போய் உட்கார்ந்து, நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று கேட்டாள். அந்த நேரம் அவள் கண் முன்னாலேயே செத்துக்கொண்டிருந்தது. இதற்கிடையில் குளத்திலிருந்து டீச்சர் போன் செய்தாள். "உங்க இடத்தைக் கேட்டு ஆள் காத்திருக்காங்க. நானும் எத்தனை நாள்தான் சாக்கு சொல்றது? அடுத்த வியாழன் வந்துடுங்க. இல்லன்னா குடுத்துடுவேன், கோவிச்சுக்கக் கூடாது." பெரியக்கா கோபித்துக்கொள்ளவில்லை. டீச்சர்மீது கோபித்து என்ன ஆகும்?

அந்த வார நடுவில் ஒரு காலை. தொப்பி மாட்டும் அறைக்கு வெளியே பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். இவளைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. நீலத் தண்ணீர். அதற்கு மேலே கழுத்து வரைக்கும் பெரியக்கா. கம்பெனி அடையாள அட்டைக்காக எடுத்த முகத்தை வெட்டித் தண்ணீரில் வைத்திருந்தார்கள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையில் ஒரு முடிகூட நனையவில்லை. பக்கத்தில் பெரிய எழுத்தில், அவள் சொன்னதாகவே போட்டிருந்தது: "வேலை, வீடு இரண்டையும் பார்த்துக்கொண்டே இந்த வயதில் நீந்தக் கற்றேன். எங்கள் கம்பெனிக்கு நன்றி. இனி யாரும் நேரமில்லை என்று சொல்லாதீர்கள்."

முதலில் சிரிப்புதான் வந்தது. படம் அவ்வளவு கோமாளித்தனமாக இருந்தது. பிறகு யாரோ தோளைத் தொட்டார்கள். லைனில் கடைசியில் நிற்பவள். கணவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். வேலைக்கு வருமுன் அவரைக் குளிப்பாட்டிவிட்டு, வீட்டுக்குப் போனதும் மறுபடி புரட்டிப் படுக்கவைப்பவள். அவளுக்கு அதிகம் பேசும் பழக்கமே இல்லை.

"நீங்களா சொன்னீங்க அக்கா? நேரமில்லைன்னு சொல்லாதீங்கன்னு?"

அவள் குற்றம்சாட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் பெரியக்காவைச் சுட்டது.

"இல்லடி. நான் சொல்லல. உன்கிட்ட நான் அப்படிச் சொல்வேனா?"

"அதான் நானும் நினைச்சேன்," என்று சொல்லிவிட்டு அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் முகம் தெளியவில்லை.

பெரியக்கா வலைத்தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நேராக மேலாளர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டினாளா என்று அவளுக்கே நினைவில்லை.

"சார், அந்தப் படத்தை எடுக்கச் சொல்லுங்க."

"பார்த்தீங்களா? உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல. நாளைக்கு வெளியூர்லேர்ந்து நம்மகிட்ட மருந்து வாங்கறவங்க வர்றாங்க. நம்ம கற்றல் கலாசாரத்தைக் காட்டணும். உங்களுக்கு எவ்வளவு பெருமை."

"நான் அதையெல்லாம் சொல்லவே இல்லை சார்."

"நீச்சல் கத்துக்கிறேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது ஹாபின்னு நீங்கதானே சொன்னீங்க? நான் இன்னும் கத்துக்கவே இல்லை. பாதியில நிக்கிறேன். நிக்க வெச்சது உங்க வகுப்பு. இன்னிக்கு என் மூஞ்சியை ஒட்டி, கம்பெனிக்கு நன்றின்னு எழுதியிருக்கீங்க. சரி, அதையாவது பொறுத்துக்கலாம். என் லைன்ல நிக்கிறவங்களைப் பார்த்து நேரமில்லைன்னு சொல்லாதேன்னு என் வாயால சொல்ல வெச்சிருக்கீங்களே. அவங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? ஒருத்தரையாவது கேட்டிருக்கீங்களா?"

"மேடம், நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. மத்தவங்களுக்கு ஒரு தூண்டுதலா இருக்கட்டுமேன்னு."

"எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"அது கம்பெனி சொத்து மேடம். நாளைக்கு விசிட் முடியட்டும், பேசலாம்."

"மூஞ்சி என்னோடது," என்றாள் பெரியக்கா.

வெளியே வந்தாள். படத்தின் மேல் மூலை எட்டவில்லை. ஒல்லி எங்கிருந்தோ ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் நகர்ந்து நின்றாள். பெரியக்கா ஏறி நின்று மூலையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பக்கமும் ஒட்டும் நாடா போட்டு ஒட்டியிருந்தார்கள். சுவரின் சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. பாதி வரைக்கும் வந்து, அவளுடைய கன்னத்தின் நடுவே கிழிந்தது. மீதியையும் உரித்தாள். பிறகு எல்லாவற்றையும் பாய் போலச் சுருட்டிக்கொண்டு போய் மேலாளரின் மேஜைமேல் வைத்துவிட்டு லைனுக்குப் போனாள். பெல்ட் ஓட ஆரம்பித்திருந்தது.

அடுத்த நாள் வியாழன். வாங்குகிறவர்கள் வந்தார்கள், வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்தார்கள், போனார்கள். சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தில் யாரோ ஒரு பூந்தொட்டியை நகர்த்தி வைத்திருந்தார்கள். ஷிப்டு முடியும் சங்கு ஊதியதும் எல்லாரும் வழக்கம்போல வகுப்பு அறையின் பக்கம் திரும்பினார்கள். பெரியக்கா தொப்பியைக் கழற்றினாள்.

"நான் குளத்துக்குப் போறேன்," என்றாள். "நீங்க யாரும் எனக்காக எதுவும் செய்ய வேண்டாம். அவங்கவங்க நிலைமை அவங்கவங்களுக்கு."

"எனக்கு நீச்சலும் வேண்டாம், வளர்ச்சியும் வேண்டாம்," என்றாள் ஒல்லி. "ஏற்கெனவே வளர்ந்தது போதாதா? வீட்டுக்குப் போய்க் காலை நீட்டணும்." சொல்லிவிட்டு அவளும் பையை எடுத்துக்கொண்டாள். படுக்கையில் கணவர் இருக்கிறவள் இவர்களுக்கு முன்பே வாசலைத் தாண்டியிருந்தாள். மற்றவர்கள் வகுப்புக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேலையை வைத்துத்தான் அடுப்பு எரிகிறது.

குளத்தில் டீச்சர் அவளைப் பார்த்து ஒன்றுமே கேட்கவில்லை. "தொப்பியைச் சரியா மாட்டுங்க," என்றாள், அவ்வளவுதான். பல வாரம் விட்டதில் உடம்பு எல்லாவற்றையும் மறந்திருந்தது. மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முகம் ஏற்கெனவே ஈரமாக இருந்ததால் பல் டாக்டருக்குக்கூடத் தெரியவில்லை.

வாரம் முடிவதற்குள் பெரியக்காவைச் சூப்பர்வைசர் பொறுப்பிலிருந்து தற்காலிகமாக விடுவித்தார்கள். அட்டைப்பெட்டி மடிக்கும் பகுதிக்கு அனுப்பினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. புதுத் திறன்களைக் கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்பு என்றார் மேலாளர். அவர் முகத்தில் அப்போதும் அதே சிரிப்பு.

கணவருக்குக் கோபம் வந்தது. முதலில் அவள்மேல்தான் வந்தது. "நான் அன்னிக்கே சொன்னேன்ல," என்று ஆரம்பித்தார். அவள் நடந்ததை முழுக்கச் சொன்னாள். படத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை எழுத்து விடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "உன்னைக் கேக்காமலா ஒட்டினான்?" என்றார். "கேக்காமதான்." அதற்குமேல் அவர் வேலையைப் பற்றிப் பேசவில்லை. வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு அன்றைக்கு அவசியமே இல்லாத ஒரு ரிப்பேரைச் சத்தம் போட்டுப் பார்த்தார்.

வியாழக்கிழமை வகுப்புக்கு ஆள் குறைந்துகொண்டே போனது. ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. கடைசியில் பயிற்சியாளர் மைக் மாட்டிக்கொண்டு ஐந்தாறு பேருக்குப் பேசும் நிலை வந்தது. கொஞ்ச நாளில் கேன்டீனில் மறுபடி கூட்டம் போட்டார்கள். இனி வகுப்பு காலையில், வேலை நேரத்திலேயே நடக்கும், நேரமும் பாதியாகக் குறைக்கப்படும் என்றார் மேலாளர். "உங்க மனசைப் புரிஞ்சுக்கிட்டு நாங்களே எடுத்த முடிவு," என்றார். கைதட்டினார்கள். ஒல்லிகூடப் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டுப் பெரியக்காவைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியக்கா தட்டவில்லை. இதைத்தானே அவள் முதல் நாளே போய்க் கேட்டாள்? உற்பத்தி பாதிக்கும் என்று சொன்ன அதே வாய்தானே இது? அவளுடைய பொறுப்பு மட்டும் திரும்பி வரவில்லை. மூன்றாவது லைனிலிருந்து யாரையோ கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

நீச்சல் வந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை ஆழமான பக்கத்தில், கால் எட்டாத இடத்தில், நடுவே நிற்காமல் மறுகரைக்குப் போனாள். அழகாக ஒன்றும் போகவில்லை. மூக்கில் தண்ணீர் ஏறிற்று, கை தாறுமாறாக விழுந்தது. டீச்சர் கரையிலேயே கூட நடந்து வந்து, "மூச்சு, மூச்சு," என்று கத்திக்கொண்டிருந்தாள். கரையைத் தொட்டதும் மளிகைக் கடைக்காரர் தண்ணீரைக் கையால் அறைந்து சத்தம் எழுப்பினார். அன்றைக்கு ராத்திரி மகளுக்குப் போன் செய்து சொன்னாள். மகள் முதலில் நம்பவில்லை.

போன மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிலரை மேலாளர் கம்பெனியைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். பெட்டி மடிக்கும் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, "இவங்கதான் நான் சொன்னேனே. இந்த வயசுலயும் நீச்சல் கத்துக்கிட்டவங்க. நம்ம கற்றல் திட்டத்துக்கு ஒரு நல்ல உதாரணம்," என்றார்.

பெரியக்கா மடித்துக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். "கம்பெனி கத்துக்குடுக்கல," என்று அந்தப் புதியவர்களைப் பார்த்துச் சொன்னாள். "கம்பெனியை மீறிக் கத்துக்கிட்டேன். அதுக்குத்தான் இங்க நின்னு பெட்டி மடிக்கிறேன்."

மேலாளர், நல்ல நகைச்சுவை கேட்டவர் போலப் பலமாகச் சிரித்துவிட்டு அவர்களை அடுத்த பகுதிக்கு அழைத்துப் போனார். புதியவர்களில் இரண்டொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர், "விடு. அதான் நீச்சல் வந்துடுச்சே," என்றார்.

"அது வந்துச்சு, சரி. அதுக்காக இதை எதுக்கு விடணும்?" என்று கேட்டாள் பெரியக்கா.

அவள் இன்னும் விடவில்லை.